அசாமின் காசிரங்கா தேசியப் பூங்கா வனக்காவலர்களுக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு தேவையா?

மருதன்:
வேட்டைக்காரர் என்று சந்தேகித்தாலே சுட்டுவிடுகிறார்கள் என அசாம் வனத்துறை மீது மறுபடியும் பழி சுமத்துகிறார்கள். 2010-இல் அம்மாநில அரசு ஓர் ஆணை மூலம் கொடுத்த பாதுகாப்பின்படி, பணியில் சுட்ட வனக்காவலர் மீது எடுத்த எடுப்பில் வழக்குப் போட முடியாது. தேவையின்றிச் சுட்டார் என்று மாஜிஸ்திரேட் விசாரணையில் தெரிய வேண்டும், அதை அரசும் ஏற்க வேண்டும். இதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆளை மறைக்கும் யானைப்புல், கும்மிருட்டு, முகாமில் சிலர், கையில் பழைய ரைஃபிள். வேட்டைக்காரன் முதலில் சுடட்டும் என்று காத்திருக்க வேண்டுமா? 2022 கணக்கெடுப்பில் காசிரங்காவில் 2,613 காண்டாமிருகங்கள். அந்த ஆண்டு அசாம் முழுவதிலும் ஒன்றுகூடக் கள்ளவேட்டைக்குப் பலியாகவில்லை.

தேன்மொழி:
ஆண்டுகளை வரிசையாகப் பாருங்கள், மருதன். பாதுகாப்பு வந்தது 2010-இல். 2013-இல் அரசுக் கணக்குப்படியே 27 காண்டாமிருகங்கள் கொல்லப்பட்டன. காப்பாற்றியது அந்த ஆணைதான் என்றால், அது வந்து மூன்றாம் ஆண்டில் இத்தனை எப்படிச் செத்தன? அதே ஆணை இருக்க, பின்னர் கொல்லப்படும் எண்ணிக்கை சரிந்ததற்கு வேறு காரணம் உண்டு. காவல்துறையும் வனத்துறையும் சேர்ந்து துப்புத் திரட்டின, கொம்புத் தரகர்களைத் தேடிப் பிடித்தன. 2016 ஜூலையில் காட்டோரக் கிராமத்தில் ஏழு வயதுச் சிறுவன் வனக்காவலர்களின் குண்டடிபட்டான். அவனா வேட்டைக்காரன்?

கானகன்:
தேன்மொழி சொல்வதோடு ஒன்று. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 50-ஆம் பிரிவு வனத்துறைக்குச் சோதனையிடவும் கைது செய்யவும் அதிகாரம் தருகிறது. உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அதிகாரி, குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதிவு செய்யும் சாட்சியம் நீதிமன்றத்தில் ஏற்கப்படும். இவ்வளவு வலுவான கருவி காவல்துறைக்கே கிடையாது! பிடிபட்டவன் பேசினால் கொம்பை வாங்கியவன் வரை போகலாம். சுட்டுவிட்டால் வழக்கு அந்தப் புல்வெளியோடு முடிகிறது. தரகன் அடுத்த வாரமே வேறொரு ஏழையைப் பணம் கொடுத்து அனுப்புவான்.

மருதன்:
அந்தச் சிறுவனுக்கு நடந்தது கொடுமை, அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் உயிரோடு பிடிப்பதற்குப் போதிய ஆள் வேண்டும், வெளிச்சம் வேண்டும். பிரம்மபுத்திரா பெருகும் மாதங்களில் விலங்குகள் நெடுஞ்சாலையைக் கடந்து கார்பி ஆங்லாங் மேடுகளுக்குப் போகின்றன. வனக்காவலர்கள் எத்தனை இடத்தில்தான் நிற்பார்கள்? பாதுகாப்பை எடுத்துவிட்டால், கூண்டில் ஏறுவது உத்தரவிட்ட மேலதிகாரி அல்ல, கடைநிலை ஊழியர்தான்.

தேன்மொழி:
அந்த ஊழியர் மீது எனக்கும் அக்கறை உண்டு. அவருக்கு நல்ல ஆயுதம், காப்பீடு, ஒழுங்கான சம்பளம் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டின் விசாரணை அறிக்கையையும் அரசு வெளியிட வேண்டும் என்று நீங்களும் கேட்பீர்களா?