குஞ்சப்பனையில் அத்தை

குழு: கோத்தகிரி வீடு

காலை 6:05
அத்தை: மேட்டுப்பாளையத்தில் லாட்ஜைக் காலி செய்துவிட்டேன். இன்று சைக்கிளில் 33 கிலோமீட்டர்தான். அண்ணி, மதியத்துக்கு எனக்கும் சேர்த்து உலை வைத்துவிடுங்கள்.

பெரியப்பா: 33 என்று லேசாகச் சொல்லாதே. சுமார் 1,500 மீட்டர் ஏற்றம் அது. ஜீப் அனுப்புகிறேன், அதில் ஏறி வா.

அத்தை: புதுக்கோட்டையிலிருந்து நாலு நாள் மிதித்து வந்தவள் அண்ணா. வீட்டு வாசலில் ஜீப்பிலிருந்து இறங்கவா?

பெரியப்பா: 54 வயதில் இந்தக் கிறுக்கு எங்கிருந்து பிடித்ததோ!

அத்தை: 1991-லேயே பிடித்தது. புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டோம். நிறையப் பேர் ஜென்ட்ஸ் சைக்கிள்தான் கேட்டோம், முன் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே. கார்த்தி அந்தப் பாரில் வளர்ந்தவன்தான்.

கார்த்தி: அம்மா, பழங்கதை போதும். முன்னால் சின்னப் பல்சக்கரத்தில் போட்டுக்கோ. பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகம்தான் சரி.

அத்தை: தனியாகப் போகிறவள் யாரோடுடா பேசுவது?

அம்மா: முட்டி எப்படி இருக்கு?

அத்தை: கரூரில் பிடித்தது. சீட்டை ஒரு விரல் அளவு உயர்த்தினேன், விட்டுவிட்டது. முட்டியைவிடக் காற்றுதான் படுத்தியது அண்ணி. காங்கேயம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக முகத்தில். எவ்வளவு மிதித்தாலும் 8 கிலோமீட்டர் வேகம்தான். ஒரு புளியமரத்தடியில் சைக்கிளைப் போட்டுவிட்டு அழுதேன். இங்கே சொன்னால் அண்ணன் அன்றைக்கே கார் அனுப்பியிருப்பார், அதான் சொல்லவில்லை. அப்புறம் இரண்டு இளநீர் குடித்தேன், ஏறி உட்கார்ந்தேன்.

பெரியப்பா: அனுப்பித்தான் இருப்பேன்.

காலை 8:40
அத்தை: குஞ்சப்பனையில் நிறுத்திவிட்டார்கள். மேலே வளைவில் யானை, குட்டியோடு.

பெரியப்பா: பலாப்பழ சீசன், பழம் தேடி யானை வரும்! நேற்றே சொல்ல நினைத்தேன். அங்கேயே நில், நகராதே.

அம்மா: கடவுளே. வனத்துறை ஆள் இருக்கிறாரா?

அத்தை: இருக்கிறார். வரிசையாக வண்டிகள் நிற்கின்றன. பயமில்லை, பசிதான்.

காலை 9:35
அத்தை: யானை ஓரம் ஒதுங்கிவிட்டது. ஆனால் சைக்கிளில் விடமாட்டேன் என்கிறார். காய்கறி இறக்கிவிட்டு வரும் காலி டெம்போவில் சைக்கிளை ஏற்றி, 2 கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிட்டார்கள்.

கார்த்தி: அப்போ முழுதும் ஓட்டியதாகக் கணக்கில் வராதே அம்மா.

அத்தை: அதை யானையிடம் போய்ச் சொல்லு.

கார்த்தி: திரும்பும்போது அந்த 2 கிலோமீட்டரை ஓட்டிக் காட்டு, சேர்த்துக்கொள்கிறேன்.

அத்தை: இறக்கத்தில் ஓட்டினால் ஏற்றத்துக் கணக்கில் சேருமா, என்ஜினியர் சார்?

அம்மா: சண்டை போடாதீர்கள். அவள் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருக்கிறாள்.

அத்தை: ஏறவில்லை அண்ணி, தள்ளிக்கொண்டு நடக்கிறேன். செங்குத்தாக வந்தால் இறங்கித் தள்ளுவதுதான். அதில் எனக்கு வெட்கமே கிடையாது.

மதியம் 12:20
பெரியப்பா: அரவேனு டீக்கடையில் நிற்கிறேன்.

அத்தை: ஜீப்போடவா?

பெரியப்பா: இல்லை. பஸ்ஸில் வந்தேன்.

அத்தை: கடைசி வளைவில் இருக்கிறேன். டீ சொல்லுங்கள், சர்க்கரை தூக்கலாக. வர்க்கி இருந்தால் நாலு.