‘ரெக்லெஸ்னெஸ்’ என்பதைக் ‘கவனக்குறைவு’ என்று மொழிபெயர்க்கலாமா?

கேள்வி: வரைவுத்தாள்

அனைவருக்கும் வணக்கம். சட்ட மாணவர்களுக்கான நூலொன்றின் குற்றவியல் பகுதியைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘ரெக்லெஸ்னெஸ்’ (recklessness) என்ற ஆங்கிலச் சட்டச் சொல் வந்த இடங்களில் எல்லாம் முதல் வரைவில் ‘கவனக்குறைவு’ என்று போட்டிருந்தேன். ‘நெக்லிஜென்ஸ்’ (negligence) வந்த இடங்களிலும் அதே சொல்லைத்தான் போட்டிருக்கிறேன் என்பது, இரண்டும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து வந்தபோதுதான் கண்ணில் பட்டது. கண்மூடித்தனம், அசட்டுத் துணிச்சல், பொறுப்பின்மை, முன்யோசனையின்மை என்று மாற்றி மாற்றி எழுதிப் பார்த்துவிட்டேன். எதுவும் பொருந்தி வரவில்லை.

இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விபத்து வழக்கின் முதல் தகவல் அறிக்கையை மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. குறுகலான ஒரு சந்தில், பின்னால் நின்று வழி சொல்ல ஆளில்லாமல், லாரியைப் பின்னோக்கி எடுத்திருக்கிறார் ஓட்டுநர். சுவரோரம் நின்றிருந்த முதியவர் நசுங்கி இறந்துவிட்டார். நடந்து போகும் வேகத்தைவிடக் குறைவாகவே லாரி நகர்ந்தது என்று சாட்சிகள் சொல்லியிருக்க, அறிக்கையிலோ ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்றுதான் இருந்தது. அந்த ஓட்டுநர் செய்த பிழைக்குச் சரியான பெயர் என்ன? அது வேகமல்ல என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரிகிறது.

பதில் 1: பழைய வழக்கறிஞர்

நல்ல கேள்வி. இதற்கான விடை நம் சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்தே 1872இல் வந்துவிட்டது. நாகபூஷணம் வழக்கில் நீதிபதி ஹாலோவே இரண்டையும் பிரித்துக் காட்டினார். தீய விளைவு ஏற்படக்கூடும் என்ற உணர்வு இருந்தும், ஏற்படாது என்ற நம்பிக்கையில், பல நேரங்களில் போதிய முன்னெச்சரிக்கை எடுத்துவிட்டோம் என்ற எண்ணத்தோடும், ஒரு செயலில் இறங்குவது முதல் வகை. அந்த உணர்வே எழாமல், எழுந்திருக்க வேண்டிய சூழ்நிலையில் உரிய எச்சரிக்கையைக் கைக்கொள்ளாமல் விடுவது இரண்டாம் வகை. முதலாவதை அவர் ‘ராஷ்னெஸ்’ (rashness) என்றார், இரண்டாவதை ‘நெக்லிஜென்ஸ்’ என்றார். ஆங்கிலேயச் சட்டத்தில் ‘ரெக்லெஸ்னெஸ்’ எனப்படுவதற்கு இந்தியச் சட்டத்தில் மிக நெருங்கி நிற்பது ‘ராஷ்னெஸ்’தான். எனவே அறிவுதான் கோடு: ஒருவருக்கு ஆபத்து தெரிந்தது, மற்றவருக்குத் தெரியவில்லை.

நீங்கள் கண்ட அறிக்கை வாசகம் தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் ஊறிப்போன வாய்பாடு. சட்டத்தில் உள்ள ‘ராஷ்’, ‘நெக்லிஜென்ட்’ என்ற இரண்டு சொற்களில் முதலாவது ‘அதிவேகம்’ ஆகிவிட்டது. அது தவறான மொழிபெயர்ப்பு என்பதே என் துணிபு. வண்டி ‘அதிவேகமாக’ வந்தது என்று சாட்சி சொல்வதால் மட்டும் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாகாது என்று கர்நாடக மாநிலம் எதிர் சதீஷ் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998இல் தெளிவாகவே கூறியிருக்கிறது. வாய்பாடாக எழுதிவைத்த ஒரு சொல் நீதிமன்றத்தில் நிற்காதபோது, இழப்பைச் சுமப்பது இறந்தவர் குடும்பம்தான். இதைப் பலமுறை பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில், இப்படி மரணம் விளைவிப்பதைப் பற்றிய 304அ பிரிவு இவ்விரண்டையும் ஒரே கூண்டில் நிறுத்தி, இரண்டுக்கும் 2 ஆண்டு வரை சிறை என்றது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு அதனை 5 ஆண்டாக உயர்த்தியிருக்கிறது; ஆனால் கூண்டு ஒன்றேதான்.

பதில் 2: தேம்ஸ்கரை

இங்கிலாந்தில் இந்தக் கோடு சில காலம் அழிந்துபோய், பிறகு மீண்டது. 1957இல் கன்னிங்ஹாம் என்பவரின் வழக்கு. ஆளில்லாத வீட்டின் நிலவறையில் இருந்த எரிவாயு மீட்டரை, உள்ளே இருந்த காசுக்காக அவர் பெயர்த்தெடுத்தார். கசிந்த வாயு சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டில் உறங்கிய பெண்மணியை மூச்சுத் திணறச் செய்தது. இப்படி ஒரு தீங்கு வரக்கூடும் என்று அவர் முன்னுணர்ந்தாரா என்பதே கேள்வி. அதை நடுவர் குழுவிடம் சரியாகக் கேட்கவில்லை என்று கூறி, மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை நீக்கியது.

1981இல் கால்டுவெல் வழக்கில், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அளவுகோலை மாற்றியது. சாதாரண விவேகமுள்ள ஒருவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும் ஆபத்தைக் குற்றவாளி நினைத்தே பார்க்காவிட்டாலும் போதும் என்றாயிற்று. இதனால் மிகவும் அடிபட்டவர்கள் சிறுவர்கள். 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் 11, 12 வயதுச் சிறுவர்கள் இருவர் ஒரு கடையின் பின்புறம் செய்தித்தாள்களைக் கொளுத்திக் குப்பைத்தொட்டிக்கு அடியில் போட்டுவிட்டுப் போனார்கள். சிமெண்ட் தரையில் தானாக அணைந்துவிடும் என்று நினைத்திருந்தார்கள். தீ கூரைக்கு ஏறி, ஏறத்தாழ 10 லட்சம் பவுண்டு இழப்பு. கீழமை நீதிமன்றம் வேறு வழியின்றித் தண்டித்தது. 2003இல் பிரபுக்கள் சபை அந்தத் தீர்ப்பை நீக்கி, கால்டுவெல் வழக்கின் அளவுகோலையும் கைவிட்டது. காணத் தவறிய குழந்தையைக் கண்டும் துணிந்தவனாகக் கருதித் தண்டிப்பது அநீதி என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

பதில் 3: உளநல ஆலோசகர்

பதின்பருவத்தினரோடு பணிபுரிகிறவள் என்ற முறையில் ஒன்று சேர்க்க விரும்புகிறேன். இளையவர்கள் ஆபத்தை அறியாமல் துணிகிறார்கள் என்று பெரியவர்கள் எண்ணுகிறோம். அது பெரும்பாலும் சரியன்று. தலைக்கவசமின்றி மூவராக மேம்பாலத்தில் விரைந்து, தோள்பட்டை முறிந்து, பெற்றோரோடு வந்த ஒரு பையனிடம், “விழுவோம் என்று தெரியுமா?” என்று கேட்டேன். “தெரியும், மேடம். ஆனால் பின்னாடி இருந்தவங்க கத்திட்டே வந்தாங்க” என்றான்.

அவன் சொன்னதையே ஆய்வும் சொல்கிறது. மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதுப் பிரிவுகளைச் சேர்ந்த 306 பேரை, சிலரைத் தனியாகவும் சிலரைத் தம் வயதினர் உடனிருக்கவும், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை ஆட வைத்தார்கள். கூட்டாளிகள் அருகில் இருந்தபோது துணிந்து இறங்குவது கூடியது. அந்தக் கூடுதல் பெரியவர்களைவிட இளையவர்களிடம் மிகுதியாக இருந்தது. பரிசையும் பரபரப்பையும் நாடும் மூளைப் பகுதிகள் பதின்பருவத்திலேயே விழித்துக்கொள்ள, கட்டுப்படுத்தும் முன்மூளை இருபதுகளில்தான் முதிர்கிறது என்பது ஸ்டைன்பெர்க் முதலானோரின் விளக்கம். ஆகவே அறிவு இருக்கிறது. அந்த நொடியில் அதற்கு எடை இல்லை. சட்டம் போடும் கோடு எனக்குப் புரிகிறது, ஆனால் ‘தெரிந்தது’ என்ற ஒரு சொல்லுக்குள் இத்தனை தளங்கள் இருப்பதையும் உங்கள் மாணவர்கள் உணர வேண்டும்.

பதில் 4: சொல்லடுக்கு

மொழிப் பக்கத்திலிருந்து. ஆங்கிலச் சொல்லின் அடியில் இருப்பது ‘அக்கறை’ என்ற பொருளுள்ள பழஞ்சொல். எனவே அதன் நேர்பொருள் ‘அக்கறையற்ற தன்மை’. தமிழிலோ பார்வையை வைத்துத்தான் பேசுகிறோம்: கண்மண் தெரியாமல், கண்மூடித்தனமாக. பழைய வழக்கறிஞர் ஐயா சொல்வதை ஏற்றால் இவை பொருந்தாதவை போலத் தோன்றும், ஏனெனில் சட்டம் தேடுவது கண்டவனை. ஆனால் ‘கண்ணை மூடிக்கொண்டு’ என்று சொல்லிப் பாருங்கள். ‘கொள்’ என்ற துணைவினை, மூடியவன் தானே மூடினான் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. மூட வேண்டுமென்றால் முதலில் திறந்திருக்க வேண்டும். ‘கண்மண் தெரியாமல்’ என்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் அதுதான்.

‘துணிச்சல்’ வேண்டாம் என்பேன். நம் செவியில் அது பாராட்டு. ‘அசட்டு’ என்ற அடை சேர்ந்தாலும் பாதிப் பாராட்டு மிஞ்சுகிறது. வள்ளுவர் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தார்: “அஞ்சுவது அஞ்சாமை பேதைமை” (428). அஞ்ச வேண்டியது எது என்று தெரிந்திருப்பது அந்தத் தொடரிலேயே அடங்கியிருக்கிறது. மறதியால் வரும் சோர்வுக்கு அவரிடம் ‘பொச்சாப்பு’ என்ற தனிச்சொல்லும் தனி அதிகாரமும் உண்டு.

பதில் 5: வரைவுத்தாள்

எல்லாருக்கும் நன்றி. ‘நெக்லிஜென்ஸ்’ வரும் இடங்களில் ‘கவனக்குறைவு’ என்று வைத்துக்கொண்டேன். ‘ரெக்லெஸ்னெஸ்’ வரும் இடங்களில் ‘தெரிந்தும் பொருட்படுத்தாமை’ என்று எழுதியிருக்கிறேன். நீளம்தான், ஆனால் முதல் சொல்லிலேயே அறிவு வந்துவிடுகிறது.

அந்த லாரி ஓட்டுநரைப் பற்றி இன்று மீண்டும் கோப்பைப் பார்த்தேன். பின்னால் ஆள் இருக்கலாம் என்று தெரிந்ததால்தான் இரண்டு முறை ஹாரன் அடித்ததாக அவரே வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறார். இறங்கிப் பார்க்கவில்லை.