ஓய்வு வயது உயர்வு: பிரான்சு கொதிக்கிறது, டென்மார்க் பொறுக்கிறது, ஏன்?

கேள்வி:
பிரான்சில் 2023இல் ஓய்வு வயதை 62இலிருந்து 64ஆக உயர்த்தியபோது மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. பாரிசுத் தெருக்களில் குப்பை மலையாய்க் குவிந்தது. டென்மார்க்கிலோ 2040க்குள் 70 வயது என்னும் சட்டம் 2025 மே மாதத்தில் அத்தனை கொந்தளிப்பின்றி நிறைவேறியது. இரண்டுமே முதியோர் பெருகிவரும் நாடுகள்தானே?

பதில் 1:
வயதைவிட, உயர்த்திய விதமே காரணம் என்பேன். டென்மார்க்கில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சிகளும் 2006இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஓய்வு வயது சராசரி ஆயுளோடு பிணைக்கப்பட்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்கு வருகிறது. பிரான்சு அரசோ அரசியலமைப்பின் 49.3 பிரிவைக் கையிலெடுத்துத் தேசியப் பேரவையின் இறுதி வாக்கெடுப்பையே தவிர்த்துவிட்டது. எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது அதுதான்.

பதில் 2:
டேனியர்கள் மனமுவந்து ஏற்றார்கள் என்று சொல்லிவிட முடியாது. அங்கும் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. சிறு வயதிலேயே வேலைக்குப் போனவர்கள் மூன்றாண்டு வரை முன்னதாக ஓய்வுபெற, பீர் ஆலைத் தொழிலாளி ஒருவரின் பெயரால் வழங்கும் ‘ஆர்னே ஓய்வூதியம்’ 2022இல் நடைமுறைக்கு வந்ததே அந்த அதிருப்தியால்தான். வயது இனியும் தானாக ஏறிக்கொண்டே போகக்கூடாது என்று பிரதமர் மெத்தே பிரெடரிக்சனே 2024இல் கூறினார்.

பதில் 3:
யார் தலையில் சுமை விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிரான்சின் 2023 சட்டப்படி முழு ஓய்வூதியத்துக்கு 43 ஆண்டுச் சந்தா தேவை என்பதால், படித்து முடித்து 24 வயதில் சேர்ந்தவர் எப்படியும் 67 வரை உழைப்பார். 64 என்ற வரம்பு அவரைத் தொடுவதேயில்லை. விதிவிலக்குகள் சில இருந்தாலும், இளமையிலேயே தொழிற்கூடம் புகுந்தவர்களுக்குத்தான் அது சுட்டது.