கட்டுமானத் தளத்தில் குறைகளைப் பதிவு செய்ய வாட்ஸ்அப் குழு போதுமா, தனிச் செயலி தேவையா?

கேள்வி: தரப் பொறியாளர், சிறுசேரி

வணக்கம். பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி எழும்பிவரும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பொறுப்பில் இருக்கிறேன். மூன்று பிளாக்குகளில் ஒன்றில் டைல்ஸ் வேலையும் இன்னொன்றில் பூச்சு வேலையும் நடக்கின்றன. மூன்றாவதில் இப்போதுதான் சென்ட்ரிங் (கான்கிரீட் ஊற்றுவதற்கான பலகை அடைப்பு) ஏறிக்கொண்டிருக்கிறது. கண்ணில் படும் குறைகளையெல்லாம் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதுதான் எங்கள் நடைமுறை. காலையில் போட்ட விரிசல் படம், கான்கிரீட் வண்டி வந்த தகவலுக்கும் ஆள் கணக்குக்கும் நடுவே மாலைக்குள் காணாமல் போய்விடுகிறது. ஒப்பந்தக்காரர் "முடிந்தது" என்று பதில் போட்டால், அது எந்தக் குறைக்கான பதில் என்பதைக் கண்டுபிடிக்கவே தனி வேலையாகிவிடுகிறது.

பிளான்ரேடார், ஃபீல்டுவயர், ப்ரோகோர் போன்ற செயலிகளில் ஒன்றை வாங்கலாமா என்று நிர்வாகம் என் கருத்தைக் கேட்டிருக்கிறது. எங்கள் மேஸ்திரிகளில் பலர் கைப்பேசியில் எழுதிப் பழகாதவர்கள்; பூச்சுக் குழுவினர் ஒடிசாவைச் சேர்ந்தவர்கள்; கீழ்த்தள வாகன நிறுத்தத்தில் சிக்னலும் கிடைப்பதில்லை. இந்த நிலையில் செயலி உண்மையில் உதவுமா? பயன்படுத்திய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: கட்டுமானத் தர ஆய்வாளர், கோவை

உதவும். ஆனால் எந்தச் செயலி என்பதைவிட, ஒரு குறையை "மூடும்" அதிகாரம் யாருக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். திறந்த குறை, சரி செய்ததாகத் தெரிவிக்கப்பட்ட குறை, நேரில் பார்த்து மூடப்பட்ட குறை என மூன்று நிலைகள் இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் இரண்டாம் நிலை வரைதான் கொண்டுபோக முடியும். மூன்றாம் நிலைக்கு மாற்றுவது, அதே கோணத்தில் இன்னொரு படம் எடுத்துச் சேர்க்கும் ஆய்வாளர் மட்டுமே. இந்த ஒரு விதி இல்லாமல் எவ்வளவு விலையுள்ள செயலியை வாங்கினாலும் உங்கள் வாட்ஸ்அப் குழுவின் "முடிந்தது" தான் அங்கேயும் நடக்கும்.

அடுத்தது இடம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது, அதற்குள் பதிவாகியிருந்த இடம், நேர விவரங்கள் நீங்கிவிடுகின்றன. அவை இருந்தாலும் அடுக்குமாடியில் பெரிய பயனில்லை. நான்காம் மாடிச் சமையலறையும் அதற்கு நேர் மேலே ஒன்பதாம் மாடிச் சமையலறையும் ஜி.பி.எஸ். கணக்கில் ஒரே புள்ளிதான். ஆகவே பிளாக், மாடி, வீட்டு எண், அறை, எந்தத் திசைச் சுவர் என்ற வரிசையில் ஓர் அடையாளக் குறியீட்டை வரைபடத்தோடு சேர்த்து முதலிலேயே தயார் செய்துவிடுங்கள். நீங்கள் சொன்ன செயலிகளின் உண்மையான பலம், மாடி வரைபடத்தின் மேலேயே விரலை வைத்துக் குறையைக் குறிக்க முடிவதுதான். அப்படிக் குறித்தால், ஒரே கழிவறையின் கசிவை இரண்டு பொறியாளர்கள் இரண்டு குறைகளாகப் பதிவு செய்வது பெரும்பாலும் நின்றுவிடும்.

எல்லாக் குறைகளையும் ஒரே பட்டியலில் போடுவது மட்டும் வேண்டாம். ஒரு தூணின் அடியில் ஹனிகோம்ப் (கான்கிரீட் சரியாக நிரம்பாமல் தேன்கூடு போல விட்ட பொள்ளல்) தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் கண்ணாடியில் கீறல் என்பதைப் போல அதையும் ஒரு வரியாகப் பதிந்தால், மறுநாளே யாராவது கலவையை அப்பி மூடிவிட்டு "சரி செய்தாயிற்று" என்பார்கள்; உள்ளே கம்பி வரை பொள்ளலாக இருந்ததா என்பது அதற்குப் பின் யாருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட குறைக்குத் தனி வகை வையுங்கள். யாரும் கை வைக்கும் முன், அளவு நாடாவை மேலே பிடித்து நீளமும் ஆழமும் தெரியும்படி படமெடுக்க வேண்டும். தளர்ந்த கான்கிரீட்டைத் தட்டி எடுத்த பிறகு இன்னொரு படம் வேண்டும். கட்டமைப்புப் பொறியாளர் பார்த்து, தேவையானால் மீயொலி வேகச் சோதனை (ஒலியலையைச் செலுத்தி உள்ளே பொள்ளல் இருக்கிறதா என்று பார்ப்பது) செய்து, சீரமைப்பு முறையை எழுத்தில் கொடுத்த பிறகே வேலை தொடங்க வேண்டும். அவருடைய ஒப்புதல் பதிவாகாத வரை இந்த வகைக் குறையை மூட முடியாதபடி செயலியில் அமைத்துக்கொள்ளலாம். மற்ற எந்த வசதிக்காகவும் இல்லாவிட்டாலும் இதற்காகவே நான் செயலிக்குப் பணம் கொடுப்பேன்.

பதில் 2: திட்டப் பொறியாளர், திருச்சி

வாங்குவதற்கு முன் செலவில்லாமல் முயன்று பார்க்க விரும்பினால் கோபோடூல்பாக்ஸ் என்ற படிவச் செயலி நல்ல தொடக்கம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இணையம் இல்லாமலே படிவத்தை நிரப்பிப் படத்தையும் சேர்த்து வைக்கலாம். மேலே வந்து இணைப்பு கிடைத்ததும் அனுப்பிக்கொள்ளலாம். ஒரே படிவத்தைத் தமிழிலும் இந்தியிலும் வைத்துக்கொள்ளவும் முடியும். ஆனால் அது தகவல் திரட்டுவதற்கான கருவி. குறை மூடப்பட்டதா என்று நாள்தோறும் தொடர்வதற்குத் தனியாக ஒரு விரிதாள் தேவைப்படும். மூன்று பிளாக்குகளுக்கு நீண்ட காலம் அது தாங்காது என்பது என் கணிப்பு.

பதில் 3: தள மேற்பார்வையாளர், சிங்கப்பூர்

இங்கே கட்டுமானத் தரத்தை மதிப்பிட 1989 முதல் கான்குவாஸ் என்ற முறை நடைமுறையில் இருக்கிறது. அதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளக்கூடியது, குறையை அளவாக எழுதும் பழக்கம். "சுவர் சமமாக இல்லை" என்று பதிந்தால் ஒப்பந்தக்காரர் "எனக்குச் சமமாகத்தான் தெரிகிறது" என்பார். பேச்சு அங்கேயே நின்றுவிடும். 1.2 மீட்டர் மட்டப்பலகையை வைத்துப் பார்க்கும்போது இடைவெளி 3 மி.மீட்டரைத் தாண்டினால் குறை என்று படிவத்திலேயே எழுதிவிட்டு, பலகையும் இடைவெளியும் தெரியும்படி படத்தை இணைத்தால் வாதத்துக்கு இடமில்லை. டைல்ஸ் தட்டிப் பார்க்கும்போது வெற்றொலி (அடியில் கலவை நிரம்பாததைக் காட்டும் சத்தம்) கேட்டால், அந்த டைலின் மேல் சாக்பீஸால் ஒரு குறி போட்டுவிட்டுப் படமெடுங்கள். ஒலியைப் படமெடுக்க முடியாது. அந்தக் குறிதான் வேலையாளுக்குப் போய்ச் சேரும் தகவல். உங்கள் அளவுகளை உங்கள் ஒப்பந்த ஆவணத்திலிருந்தும் இந்தியத் தர நிர்ணயங்களிலிருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில் 4: குடியிருப்போர் சங்கச் செயலாளர், சென்னை

வீட்டை வாங்கியவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் 14(3)ஆம் பிரிவுப்படி, வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரியவந்து அதைச் சுட்டிக்காட்டினால், கட்டணம் வாங்காமல் 30 நாட்களுக்குள் கட்டுநர் சரிசெய்து தர வேண்டும். ஆகவே உங்கள் பதிவேட்டின் ஆயுள் சாவி கொடுக்கும் நாளோடு முடிவதில்லை. எங்கள் குடியிருப்பில் வடகிழக்குப் பருவமழையின்போது குளியலறைக் குழாய்ப் பாதையில் ஓதம் ஏறியது. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் அங்கே தண்ணீர் தேக்கிச் சோதித்தார்களா, குழாய் எந்த வழியாகப் போகிறது என்ற எந்தப் பதிவும் கட்டுநரிடம் இல்லாததால், தேடித் தேடிச் சுவரை உடைக்க வேண்டியதாயிற்று. குறைகளை மட்டும் பதியாமல், மூடப்போகும் ஒவ்வொரு வேலையையும் மூடும் முன் படமெடுத்து, வீட்டு எண்ணோடு சேர்த்து வையுங்கள். அந்தக் கோப்பை ஒப்படைக்கும்போது எங்களைப் போன்றவர்களுக்கும் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்

நால்வருக்கும் மிக்க நன்றி. கோவை நண்பருக்கு மட்டும் இன்னும் ஒரு கேள்வி: மேஸ்திரிகளையும் ஒடிசாக் குழுவினரையும் செயலிக்குள் எப்படிக் கொண்டுவருவது?

பதில் 1: கட்டுமானத் தர ஆய்வாளர், கோவை

அவர்கள் எல்லாரும் செயலியைத் திறக்க வேண்டிய கட்டாயமில்லை. பதிவான எண்ணைச் சுவரில் குறைக்குப் பக்கத்திலேயே எழுதி வட்டமிடுங்கள். காலையில் வேலை பிரிக்கும்போது, அன்றைய குறைகளை எண், படம், மாடி வரைபடம் ஆகிய மூன்றும் உள்ள ஒரு தாளாக அச்சிட்டு மேஸ்திரி கையில் கொடுங்கள். எண்ணையும் படத்தையும் பார்த்து வேலையாள் நேரே அந்தச் சுவருக்குப் போய்விடுவார். மொழி அங்கே தடையாக இருக்காது. நீர்த்தடுப்புப் பூச்சு வேலைக்குச் சங்கச் செயலாளர் சொன்னதை அப்படியே பின்பற்றுங்கள். தண்ணீர் தேக்கிய சோதனையின் படம் பதிவாகாமல் டைல்ஸ் குழு அந்தக் கழிவறைக்குள் போகக் கூடாது.

ஒப்பந்தக்காரரை இதற்குள் கொண்டுவர ஒரே வழி பில்தான். ஒரு மாடியின் பூச்சுப் பில்லை அனுப்பும்போது, அந்த மாடியில் திறந்திருக்கும் குறைகளின் பட்டியலைச் செயலியிலிருந்து எடுத்துப் பில்லோடு இணைக்கச் சொல்லுங்கள். இணைக்காத பில் கணக்குப் பிரிவுக்குப் போகாது என்ற விதியை நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும். உங்கள் அறிக்கையில் செயலியின் விலைக்கு முன்னால் இந்த விதியைக் கேளுங்கள். முதலில் பூச்சு நடக்கும் பிளாக்கில் மட்டும் தொடங்குங்கள். டைல்ஸ் நடக்கும் பிளாக்கில் பூச்சுக்கும் டைல்ஸுக்கும் அடியில் மறைந்ததை இனிப் படமெடுக்க முடியாது; சென்ட்ரிங் பிளாக்குக்குப் படிவங்களைத் திருத்தி எடுத்துப்போக நேரம் இருக்கிறது.