என் ப்ரொபேஷன் ஃபைல் நகர்ந்த கதை

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
கேரளத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் அசிஸ்டென்ட் வேலை, கேரள அரசுப் பணித் தேர்வாணையத்தின் (பி.எஸ்.சி.) தேர்வு எழுதிக் கிடைத்தது. சம்பளத்துக்குக் குறையில்லை. இருந்தும் மூன்றாம் வருடம் முழுக்க, காலையில் பஸ் ஏறும்போதே மனசு கனக்கும்.

காரணம் ஒரு ஃபைல். இரண்டு வருடப் பணி முடிந்தால் ப்ரொபேஷன் என்கிற தகுதிகாண் காலம் முடிந்ததாக உத்தரவு வர வேண்டும். என்னோடு சேர்ந்தவர்களுக்கு வந்தது, எனக்கு வரவில்லை. பணியாளர் ஃபைல்களைப் பார்க்கும் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் எப்போது கேட்டாலும் "நோக்காம்" (பார்க்கலாம்) என்பார்கள். தமிழன் என்பதால்தான் இழுக்கிறார்களோ என்று எத்தனையோ ராத்திரி தூங்காமல் கிடந்தேன். அது தப்பான நினைப்பு. ஆனால் காரணம் சொல்ல ஆளில்லாதபோது வேறென்ன தோன்றும்?

புதிதாக வந்த செக்‌ஷன் ஆபீசர் மேடம் ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். என் பணி விவரமெல்லாம் பதியும் சர்வீஸ் புக்கை என் பக்கம் திருப்பி வைத்தார். அம்மாவின் ஆபரேஷனுக்காக 11 நாள் சம்பளமில்லா லீவு எடுத்திருந்தேன். அதை யாருமே பதியவில்லை. அந்த நாட்களைக் கழித்தால்தான் இரண்டு வருடம் என்றைக்கு முடிகிறது என்று கணக்கு வரும். "இத்ரயே உள்ளூ" (இவ்வளவுதான்) என்றார். அங்கேயே கண் கலங்கிவிட்டது. பத்தாம் நாள் உத்தரவு கையில். பிறகு யார் ஃபைல் எந்த மேஜையில் நிற்கிறது என்று எழுதிக் கதவில் ஒட்டவும் ஆரம்பித்தார். நடையாய் நடப்பது நின்றது.

தபால் வழி எம்.பி.ஏ.வில் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளரைப் படித்திருக்கிறேன். சம்பளமும் நிர்வாக விதிகளும் சரியில்லை என்றால் அதிருப்தி வரும், சரியாக இருப்பதால் மட்டும் திருப்தி வந்துவிடாது என்று 1959-லேயே எழுதியவர். பாதிதான் ஒத்துக்கொள்வேன். விதியை ஒருவர் உட்காரவைத்து விளக்கிய அன்றைக்கு எனக்குத் திருப்திதான் வந்தது.

வேலந்தாவளம் அக்கா:
தம்பி, உங்களுக்குத் திருப்பிக் காட்ட ஒரு சர்வீஸ் புக்காவது இருக்குது. நான் கெஸ்ட் லெக்சரர். வகுப்புக்கு 1,500 ரூபாய், மாசத்துக்கு 50,000-க்கு மேல் போகக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2019-ல் சொன்னது. நான் வேலை பார்க்கும் இடத்தில் ஹர்த்தால் என்கிற கடையடைப்பால் நடக்காமல் போன வகுப்புக்குக் காசில்லை. ஏப்ரல், மே இரண்டு மாசமும் கையில் ஒன்றும் வராது. அப்போது வாளையார் எல்லை தாண்டிப் போய் கோயமுத்தூரில் ட்யூஷன் எடுக்கிறேன். அதையெல்லாம் தாங்கிக்கொள்வேன் தம்பி. ஜூனில் திரும்ப எடுப்பார்களா இல்லையா என்பதை மார்ச்சிலேயே ஒரு வார்த்தை சொல்லலாம். ஆறு வருசமாக அதைத்தான் கேட்கிறேன்.