புதுப்பிப்பு: ஊசித்துளைக் காமிராவில் உருவம் தெரிந்துவிட்டது

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. திண்டுக்கல் பக்கம் ஈராசிரியர் பள்ளி எங்களுடையது. அறிவியலைச் செய்துகாட்டியே நடத்திய தலைமையாசிரியை ஓய்வு பெற்றபின், அவருடைய ஊசித்துளைக் காமிராப் பாடம் என்னிடம் வந்தது. பெட்டியின் ஒரு பக்கம் ஊசித்துளை, எதிர்ப்பக்கம் திரை; துளை வழியே வரும் ஒளி, வெளியே இருப்பதன் உருவத்தைத் திரையில் தலைகீழாக விழச் செய்யும். திரையில் ஒன்றுமே தெரியவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன்.

துளையைப் பெரிதாக்கச் சொன்னார்கள். வெளிச்சம் கூடியது, ஆனால் உருவம் கலங்கிப்போனது. பலன் தந்தது இன்னொருவர் சொன்ன வழி: திரைக்கு எண்ணெய் தடவிய தாள், பெட்டிக்குள் கறுப்புத் தாள், தலையோடு சேர்த்து ஒரு கனமான போர்வை. வகுப்பறைக்குள் உட்கார்ந்து, வெயிலில் நிற்கும் கொடிக்கம்பத்தை நோக்கிப் பிடித்தோம். கம்பம் தலைகீழாகத் தெரிந்ததும் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பே எழுந்து வந்துவிட்டது.

எதிர்பாராதது ஒன்று. ஓட்டு இடுக்கு கோணல்மாணலாக இருக்க, தரையில் விழும் வெளிச்சம் மட்டும் ஏன் வட்டம் என்று நாலாம் வகுப்புப் பெண் கேட்டாள். ஓய்வு பெற்ற அந்த டீச்சருக்கே போன் போட்டேன். இடுக்கும் ஊசித்துளை மாதிரியே வேலை செய்கிறது, அந்த வட்டம் சூரியனின் உருவமேதானாம். நிலா நடுவை மறைக்க, சூரியன் வளையமாகத் தெரிந்த 2019 டிசம்பர் 26 வளைய கிரகணத்தன்று, அரையாண்டு விடுமுறையிலும் பிள்ளைகளை வரவழைத்து, வேப்பமர நிழலில் நூற்றுக்கணக்கான ஒளி வளையங்களைக் காட்டியிருக்கிறார்! இப்படி ஒரு ஆசிரியை அமைந்தது எங்கள் ஊரின் பாக்கியம்.

செய்துபார்ப்பவர்கள் துளைக்கு மெல்லிய தையல் ஊசியையே எடுங்கள். பெட்டியைச் சூரியன் பக்கம் திருப்ப விடாதீர்கள்.