எலக்ட்ரான் உண்மையிலேயே சுழல்கிறதா?

கேள்வி (முதுகலை மாணவி):
எலக்ட்ரானைப் பம்பரம் போல வரைந்து, மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் அம்புக்குறியிட்டுத் தற்சுழற்சியை (ஸ்பின்) பள்ளியில் விளக்கினார்கள். இப்போதோ எதுவும் சுழலவில்லை, அது வெறும் குவாண்டம் எண் என்கிறார்கள். அப்படியானால் கோண உந்தம் (சுழற்சியின் அளவு) எங்கிருந்து வருகிறது? மின்னூட்டம் சுற்றி ஓடாமல் காந்தத் திருப்புத்திறன் (சிறு காந்தம் போல நடக்கும் வலிமை) எப்படி உண்டாகிறது?

மறுமொழி 1:
பம்பரப் படம் ஏன் பொருந்தாது என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். எலக்ட்ரானை 2.8 ஃபெம்டோமீட்டர் ஆரமுள்ள திண்மக் கோளமாகக் கொண்டு, சுருக்கிய பிளாங்க் மாறிலியில் (குவாண்டம் உலகில் கோண உந்தத்தின் அடிப்படை அலகு) பாதியளவு கோண உந்தத்தை அதற்குக் கொடுத்தால், அதன் நடுக்கோட்டு வேகம் ஒளிவேகத்தைப் போல் ஏறத்தாழ 170 மடங்காகிவிடும். 1925-இல் நெதர்லாந்தின் லைடனில் ஊலன்பெக், கௌட்ஸ்மிட் என்ற இளம் இயற்பியலாளர்கள் எலக்ட்ரான் சுழல்கிறது என்ற கருத்தை முன்வைத்தபோது மூத்த இயற்பியலாளர் லோரன்ஸ் எழுப்பிய தடையும் இத்தகையதே. கலங்கிப்போன ஊலன்பெக் கட்டுரையைத் திரும்பப் பெற விரும்பினார். ஆனால் அவர்களுடைய பேராசிரியர் எரன்ஃபெஸ்ட் அதை முன்னரே அனுப்பிவிட்டிருந்தார். ஆகவே, தற்சுழற்சியை எலக்ட்ரானின் உள்ளார்ந்த பண்பு என்று ஏற்றுக்கொண்டு மேலே செல்வதே நல்லது.

மறுமொழி 2:
முதற்பாதியை ஏற்கிறேன், 'ஏற்றுக்கொண்டு மேலே செல்லுங்கள்' என்பதை ஏற்க இயலவில்லை. ஐன்ஸ்டைனும் டி ஹாஸும் 1915-இல் இரும்புத் தண்டு ஒன்றைக் கம்பிச்சுருளுக்குள் தொங்கவிட்டு, மின்னோட்டத்தின் திசையை மாற்றிக் காந்தமாக்கலைப் புரட்டியபோது, தண்டு முழுவதுமே முறுக்கிக்கொண்டு அசைந்தது. எலக்ட்ரான்களின் கோண உந்தம் மாறும்போது அதை ஈடுசெய்யத் தண்டு திரும்புகிறதென்றால், அது தாளில் எழுதிய எண்ணாக மட்டும் இருக்க முடியாது. (காந்தத் திருப்புத்திறனுக்கும் கோண உந்தத்துக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் எண்ணே ஜி காரணி. அவர்கள் வெளியிட்ட ஜி காரணி தாங்கள் எதிர்பார்த்த 1-ஐ ஒட்டியே இருந்தது, பின்னர் அளந்தவர்களுக்கு 2-க்கு அருகில் வந்தது. எதிர்பார்ப்பு அளவீட்டையும் வளைக்கும் போலும்.)

கேள்வியாளர்:
நன்றி. அப்படியானால் எது சுற்றுகிறது என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறதே?

மறுமொழி 3:
சுற்றுவது துகளின் மேற்பரப்பன்று, அலைப்புலத்தின் ஓட்டம் என்பதே எனக்கு நிறைவளிக்கும் விடை. டிராக் 1928-இல் தந்த சமன்பாட்டில், சராசரி உந்தம் சுழியாக உள்ள அலைத்தொகுப்பிலும்கூட (ஓரிடத்தில் குவிந்த எலக்ட்ரான் அலை) ஆற்றலும் மின்னூட்டமும் வட்டமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆற்றலோட்டத்தைத் தொகையிட்டால் மறுமொழி 1 சொன்ன அந்தப் பாதியளவு கோண உந்தம் கிடைப்பதை 1939-இல் பெலின்ஃபாண்டே காட்டினார். மின்னூட்ட ஓட்டம் காந்தத் திருப்புத்திறனைத் தருகிறது. அலைத்தொகுப்பு விரியும்போது ஓட்டம் மெலிகிறது, மொத்த மதிப்பு மாறுவதில்லை. அந்த ஓட்டம் எந்த இடத்திலும் ஒளிவேகத்தைத் தாண்டாது என்பதால் லோரன்ஸின் தடையும் இங்கே எழாது.

ஓர் எச்சரிக்கை: ஜி காரணி 2 ஆவதற்குச் சார்பியலே காரணம் என்று பல நூல்கள் எழுதுகின்றன. அது சரியன்று, சார்பியலைச் சேராத ஷ்ரோடிங்கர் சமன்பாட்டையே ஒருபடிச் சமன்பாடாக மாற்றியமைத்தால் 2 கிடைக்கும் என்பதை லெவி-லெப்லோன் 1967-இல் நிறுவினார். 2-க்கு மேலுள்ள சிறு மிகுதிதான் வேறு கதை. எலக்ட்ரான் தன் மின்காந்தப் புலத்தோடு கொள்ளும் வினையால் திருப்புத்திறன் ஏறத்தாழ 0.00116 பங்கு கூடுகிறது என்று ஷ்விங்கர் கணக்கிட்டது 1948-இல். அலைத்தொகுப்பின் ஓட்டத்தை மட்டும் வைத்து அந்த மிகுதியை நீங்கள் பெற முடியாது.